இரணியல் கொட்டாரம் முதல் சிதறால் மலை வரை

கொழும்பு நண்பர் ஒருத்தர் குடும்பத்தோட பாங்காக் போயிட்டு அப்படியே நம்ம பக்கம் வந்திருந்தார். அங்கே ஒரு நாள் டூர் போட்டிருக்காங்க. காலையில 1782-ல் முதலாம் ராமா கட்ட ஆரம்பிச்ச பெரிய அரண்மனை, மத்தியானம் சாவ் பிரயா ஆத்தங்கரையில் புத்தர் கோயில்கள், சாயங்காலம் படகு. கையில் கொடி பிடிச்ச வழிகாட்டி முன்னால நடக்க, பின்னால நாற்பது பேர். அந்த ஞாபகத்திலேயே கேட்டார், "உங்கட ஊரில அரண்மனை இருக்கெண்டு சொன்னீங்கள். ஆத்தங்கரையில விகாரை ஏதும் இருக்குதோ? எங்கட களனி மாதிரி?"

களனி விகாரை களனி கங்கைக் கரையில் இருக்கு. புத்தர் மூணாவது தடவை இலங்கைக்கு வந்தப்போ அங்கேதான் வந்தார்னு மகாவம்சம் சொல்லும். பக்கத்திலேயே விபீஷணனுக்கும் ஒரு சன்னதி உண்டு. அந்த மாதிரி ஒண்ணை இரணியல்ல எங்கே தேடுறது? ஆனா கேள்வி நல்ல கேள்வி. அதனால நானே கொடி இல்லாத வழிகாட்டியா மாறி ஒரு நாள் சுத்திக் காட்டினேன். நாலு இடம்: இரணியல், பத்மநாபபுரம், திருநந்திக்கரை, சிதறால். ரெண்டு அரண்மனை, ரெண்டு குகைக்கோயில்.

எங்க மாவட்டத்துக்காரங்களுக்கு ஒரே நாள்ல கோயில் சுத்துறது புதுசு இல்லை. சிவராத்திரி சமயத்துல சிவாலய ஓட்டம்னு பன்னிரண்டு சிவன் கோயிலுக்கு ஓடுவாங்க. நூறு கிலோமீட்டருக்கு மேல வரும். கையில் விசிறி, வாயில் "கோவிந்தா, கோபாலா". சிவன் கோயிலுக்கு ஓடுறவங்க ஏன் கோவிந்தனைக் கூப்பிடறாங்கன்னு வெளியூர்க்காரங்க கேட்பாங்க. அது வேற கதை, இன்னொரு நாள் பாப்போம். அந்தப் பன்னிரண்டுல நாலாவது கோயில் திருநந்திக்கரை, ஏழாவது கல்குளம். கல்குளம்னா பத்மநாபபுரத்தோட பழைய பேரு. ஆக நான் போட்ட பாதையில் பாதி ஏற்கெனவே ஓடிப் பழகின பாதைதான்.

முதல்ல இரணியல்.

ரயில்ல திருவனந்தபுரத்துக்கும் நாகர்கோவிலுக்கும் நடுவுல போறவங்களுக்கு இது ஒரு ஸ்டேஷன் பேரு, அவ்வளவுதான். அந்த ரயில் பாதையே 1979-ல் வந்ததுதான். பத்தொன்பதாம் நூற்றாண்டுல திருவிதாங்கூர் ராஜ்யத்துக்குள்ளே இரணியல் ஒரு தாலுகாவோட தலைமை ஊர். அதுக்கும் ரொம்ப முன்னால வேணாட்டு ராஜாக்கள் இருந்த இடம். இரணியசிங்கநல்லூர்ங்கற பேரு தேய்ஞ்சு தேய்ஞ்சு இரணியல் ஆச்சு. நெசவுக்காரங்களும் வியாபாரிகளும் நிறைஞ்ச ஊர். இங்கே இருக்கிற செட்டு சமூகத்துக்காரங்க தங்களோட பூர்வீகம் காவிரிப்பூம்பட்டினம்னு சொல்லுவாங்க. சுதந்திரப் போருக்கு முந்தின காலத்துல இங்கிலீஷ்காரனை எதிர்த்து 1809-ல் குண்டறையில் பிரகடனம் போட்ட வேலுத்தம்பி தளவாய் பிறந்த தலக்குளம் பக்கத்து ஊர்தான்.

எங்க ஊர்ல அரண்மனையைக் கொட்டாரம்னு சொல்வோம். இரணியல் கொட்டாரம் மூணு பகுதியா இருந்தது. வாசலில் படிப்புரை, உள்ளே குதிரை மாளிகை, அதுக்கு அப்பால் வசந்த மண்டபம். வசந்த மண்டபத்துக்குள்ளே ஒரு கல் கட்டில். சேரமான் பெருமாள் அந்தக் கட்டில்ல படுத்திருந்தவர் அப்படியே மறைஞ்சு போயிட்டார்னு ஊர்ல சொல்வாங்க. சேரமான் பெருமாளுக்கு எத்தனை முடிவு பாருங்க! பெரியபுராணத்துல சுந்தரர் வெள்ளை யானையில் போக, இவர் குதிரை ஏறி கைலாசம் போனார். கேரளத்துல கேட்டா கப்பல் ஏறி மெக்காவுக்குப் போனார். இரணியல்ல கட்டில்ல படுத்தே போயிட்டார். இதுல எது சரித்திரம்னு சண்டை போட வேண்டியதில்லை. கடைசி சேரராஜா எங்க ஊர்லதான் இருந்தார்னு சொல்லிக்கிறதுல மூணு ஊருக்கு ஆசை இருந்திருக்கு, அதுதான் விஷயம்.

கொட்டாரத்தைப் பத்தி வருத்தமில்லாம எழுத முடியாது. பல வருஷம் அது இடிஞ்சு கிடந்தது. ஓடு இல்லாத கூரை, சுவருக்குள்ளே வேர் விட்ட மரம், கரையான் தின்ன உத்தரம். அரண்மனைன்னு தேடி வர்றவங்க புதர்க்காட்டைப் பாத்துட்டு வழி மாறி வந்துட்டோமோன்னு திரும்பிப் போவாங்க. இந்து அறநிலையத்துறை பொறுப்பில் இருக்கிற இடம். பத்திரிகைகளும் ஊர்க்காரங்களும் திரும்பத் திரும்பக் கேட்டு, ரொம்ப இழுபறிக்கு அப்புறம் சமீப வருஷங்கள்ல புனரமைப்பு வேலை நடந்தது.

வாசல்ல நின்னு பேசிக்கிட்டு இருந்தப்போ வயசான ஒரு நெசவுக்காரர் வந்தார். அந்தப் பாட்டா சொன்னது இது: "மக்கா, ஓட்டு வீட்டுக்கு ஒரு ஓடு நழுவுனா போச்சு. அந்த ஓட்டை மாத்தி வைக்க ஒரு ஆளு வேணும். ராசாவுக்க வீடானாலும் எனக்க வீடானாலும் வெள்ளத்துக்கு ஒண்ணுதான்."

இதைக் கொஞ்சம் விளக்கணும், ஏன்னா அன்னிக்கு முழுக்க எனக்கு இதுதான் மண்டைக்குள்ள ஓடிச்சு. (எங்க பக்கம் வெள்ளம்னா தண்ணி, பிரளயம் இல்லை.) இந்தப் பக்கத்துக் கொட்டாரங்கள் மரத்தாலும் மண்ணாலும் ஆனவை. வெட்டுகல் சுவர், மேல சுண்ணாம்புப் பூச்சு, பலாமரம், தேக்கு உத்தரம், சரிஞ்ச கழுக்கோல், மேல ஓடு. கன்னியாகுமரி மாவட்டத்துக்குத் தென்மேற்குப் பருவமழையும் உண்டு, வடகிழக்கும் உண்டு. வருஷத்துல ரெண்டு தடவை கூரை நனையும். ஒரு ஓடு விலகினா தண்ணி கழுக்கோல் வழியா இறங்கும். ஈர மரத்துக்குக் கரையான் வரும். கழுக்கோல் உளுத்தா அதுக்குப் பக்கத்து ஓடுகளும் சரியும். அப்புறம் மழை நேரா சுவர் தலையில். வெட்டுகல்லும் மண்ணும் நனைஞ்சு நனைஞ்சு கரையும். இடிக்க எதிரி யாரும் வரவேண்டாம், பத்து மழைக்காலம் போதும். கல்லால் கட்டின சோழர் கோயில் ஆயிரம் வருஷம் யாரும் பாக்காம நிக்கும். மரக் கொட்டாரம் அப்படி இல்லை. அது தினமும் ஒருத்தர் பாக்க வேண்டிய பொருள்.

இதைப் புரிஞ்சுக்கிட்டு பத்மநாபபுரம் போனா பார்வையே மாறிடும். தக்கலையில் இருந்து கூப்பிடு தூரம்தான்.

திருவிதாங்கூருக்குப் பேர் கொடுத்த ஊரே பக்கத்துல இருக்கிற திருவிதாங்கோடு. அங்கிருந்தும் இரணியலில் இருந்தும் அரச வாசம் கல்குளத்துக்கு நகர்ந்தது. 1601 வாக்கில் இரவிவர்ம குலசேகரப் பெருமாள் காலத்துல அரண்மனை எழும்பினதா சொல்லுவாங்க. உள்ளே இருக்கிற தாய்க்கொட்டாரம் அதுக்கும் பழசு. மார்த்தாண்ட வர்மா இதைப் பெரிசாக்கினார். 1741 ஆகஸ்ட் 10-ஆம் தேதி குளச்சல்ல டச்சுக்காரங்களைத் தோற்கடிச்சவர். குளச்சலுக்கும் கல்குளத்துக்கும் நடுவுலதான் இரணியல் இருக்குங்கறதை மேப் எடுத்துப் பாருங்க. அப்போ எங்க ஊர் சும்மா இருந்திருக்க முடியாது. பிடிபட்ட டிலனாய் பிறகு இதே ராஜாவுக்குப் படைத்தலைவனாகி 1777-ல் செத்தார். கல்லறை பக்கத்துல உதயகிரிக் கோட்டைக்குள்ளே இருக்கு. 1750-ல் ராஜா நாட்டையே பத்மநாபசுவாமிக்கு எழுதி வெச்சுட்டு, தான் வெறும் பத்மநாபதாசன்னு சொல்லிக்கிட்டார். கல்குளம் பத்மநாபபுரம் ஆனதும் அவர் காலத்துலதான்.

உள்ளே அரண்மனை வழிகாட்டிகள் உண்டு. மலையாளம் பாதி, தமிழ் பாதி கலந்து ஒரே மூச்சுல ஒப்பிப்பாங்க. பூமுகத்து மேற்கூரையில் தொண்ணூறு விதமான பூ, ஒண்ணு மாதிரி ஒண்ணு இல்லை. மந்திரசாலையில் வண்ண மைக்கா பதிச்ச ஜன்னல். தரை கண்ணாடி மாதிரி கறுப்பா மின்னும். சிரட்டைக் கரி, சுண்ணாம்பு, முட்டை வெள்ளைக்கரு, வெல்லம், மணல்னு கலவையைச் சொல்வாங்க. ஊட்டுபுரையில் மேலே ஆயிரம் பேர், கீழே ஆயிரம் பேர் உக்காந்து சாப்பிடலாம். அறுபத்துநாலு மூலிகை மரத்துல செஞ்ச கட்டில் டச்சுக்காரங்க கொடுத்தது (அடிச்சவனுக்குக் கட்டில்! நல்ல பாலிசி). உப்பரிகை மாளிகையில் நாலு தட்டு. அதுல உச்சித் தட்டு ராஜாவுக்கு இல்லை, பத்மநாபனுக்கு. அங்கே சுவர் முழுக்க ஓவியம், பொதுமக்களை விடறதில்லை.

நண்பருக்கு எல்லாமே பிடிச்சது. எனக்கு வழிகாட்டி சொல்லாத ஒண்ணுதான் கண்ணுல பட்டது. கூரை. ஒரு ஓடு கூட விலகல. தரையைத் துடைச்சுக்கிட்டே ஒரு அம்மா. மரத்தூணுக்கு எண்ணெய் போட்ட வாசனை.

தலைநகரம் 1795-ல் திருவனந்தபுரத்துக்குப் போயிடுச்சு. ராஜா இல்லாத வீடு. அப்படி இருந்தும் அது நிக்குதுன்னா காரணம் உண்டு. 1930-களில் சித்திரைத் திருநாள் காலத்துல திருவிதாங்கூர் தொல்லியல் துறை இதைப் பாதுகாக்க எடுத்துக்கிச்சு. அப்புறம் 1956 நவம்பர் 1. தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு நாலு தாலுகாவும் சென்னை ராஜ்யத்தோட சேர்ந்துச்சு. நேசமணி தலைமையில் எத்தனை பேர் அடிபட்டு, உயிர் விட்டு வாங்கின இணைப்பு. மண் தமிழ்நாட்டுக்கு வந்துச்சு. அரண்மனை மட்டும் கேரள அரசின் தொல்லியல் துறை கையிலேயே நின்னுடுச்சு. தமிழ்நாட்டுக்குள்ளே ஒரு ஆறரை ஏக்கர் கேரளப் பராமரிப்பு. யுனெஸ்கோ பாரம்பரியச் சின்னத்துக்கான உத்தேசப் பட்டியல்லயும் இது இருக்கு.

இதைச் சொன்னா நம்ம ஆளுங்க சிலருக்குக் கோபம் வரும். நம்ம மண்ணுல அவங்களுக்கு என்ன வேலைன்னு கேட்பாங்க. நான் அந்த எல்லைப் போராட்டத்தைக் குறைச்சுச் சொல்றவன் இல்லை. ஆனா ஒரே வம்சத்தோட ரெண்டு கொட்டாரம், நடுவுல சில கிலோமீட்டர் தூரம். ஒண்ணு தரை மின்னுது, இன்னொண்ணு பல வருஷம் புதருக்குள்ளே கிடந்தது. அவங்க கிட்ட இருந்ததால அது பிழைச்சது, நம்ம கிட்ட வந்ததால இது போச்சுன்னு மொழிக் கணக்கு போடறதும் தப்பு. ஒண்ணை அருங்காட்சியகம்னு நினைச்சு ஆள் போட்டாங்க. இன்னொண்ணு கோயில் சொத்துக் கணக்குல வந்த ஒரு பழைய கட்டடம். கோயில்னா பூஜை உண்டு, விளக்கு உண்டு, திருவிழா உண்டு, வருமானம் உண்டு. கொட்டாரத்துக்கு அதெல்லாம் என்ன இருக்கு? யாரும் கெட்ட எண்ணத்தோட இடிக்கல. ஓடு மாத்துறது யாரோட வேலைன்னு எங்கேயும் எழுதல, அவ்வளவுதான்.

மத்தியானச் சாப்பாடு முடிச்சு குலசேகரம் வழியா திருநந்திக்கரை. ரப்பர் தோட்டத்துக்கு நடுவுல ஒரு பாறை, பக்கத்துல நந்தியாறு, ஆத்தங்கரையில் மகாதேவர் கோயில். நண்பர் முகம் மலர்ந்துச்சு, "இதுதானே நான் கேட்டது?" கிட்டத்தட்ட. பாறையைக் குடைஞ்ச குகைக்குள்ளே இப்போ சிவலிங்கம். சுவர்ல வட்டெழுத்துக் கல்வெட்டுகள், மங்கிப்போன பழைய ஓவியத்தோட கோடுகள். அந்த ஓவியங்கள் ஒன்பது, பத்தாம் நூற்றாண்டுன்னு கணிக்கிறாங்க. கேரள பாணிச் சுவரோவிய வரலாறு எழுதறவங்க இங்கிருந்துதான் ஆரம்பிப்பாங்க. ஒரு கல்வெட்டுல திருநறுங்கொண்டை மேலைப்பள்ளியைச் சேர்ந்த வீரநந்தி அடிகள்னு ஒரு சமணத் துறவி பேர் வருது. திருநறுங்கொண்டை இருக்கிறது இன்னிக்கு கள்ளக்குறிச்சி பக்கம். அங்கிருந்து நடந்தே இங்கே வந்து தங்கியிருக்கார்! சமணர் இருந்த இடம் பிறகு சிவன் கோயிலாச்சு.

ராஜராஜனோட 18-ஆம் ஆட்சியாண்டு, அதாவது 1003 வாக்கில் ஒரு கல்வெட்டு இங்கே உண்டு. அவன் பிறந்த ஐப்பசி சதயத்துக்குத் திருவிழா நடத்த முட்டம்ங்கற ஊரை மும்முடிச்சோழநல்லூர்னு பேர் மாத்திக் கொடுத்திருக்கான். தஞ்சாவூர்ல இருந்துக்கிட்டு எங்க ஊர் ஆத்தங்கரையில் பொறந்தநாள் கொண்டாடியிருக்கார் மனுஷன் :-)

ஆனா அன்னிக்கு எங்களை நிறுத்தி வெச்சது ராஜராஜன் இல்லை, அதுக்கு நூறு வருஷத்துக்கு முந்தின ஆய் ராஜா விக்கிரமாதித்த வரகுணன். ஆய்ன்னா சங்ககாலத்துல பொதியமலையை ஆண்ட அதே வம்சம். தெங்கநாட்டுக் கிழவன் சாத்தன் முருகனோட மகள் முருகன் சேந்தியை இந்த ராஜா கல்யாணம் பண்ணினதையும், அதையொட்டி நிலம் கொடுத்ததையும் திருநந்திக்கரைக் கல்வெட்டு சொல்லுது. மகாராணி பேரு முருகன் சேந்தி. இந்தக் காலத்து இனிஷியல் மாதிரி அப்பா பேர் முன்னால!

இதே வரகுணன் பேர் இன்னும் ரெண்டு இடத்துல வரும். ஒண்ணு, சாயங்காலம் நாங்க ஏறப்போற சிதறால் சமணக் குகை. இன்னொண்ணு பாலியம் செப்பேடு. கேரளத்துல பாலியத்து அச்சன் குடும்பத்து கையில் இருந்து கிடைச்ச செப்பேடு. கோபிநாத ராவ் திருவிதாங்கூர் தொல்லியல் வரிசையில் பதிப்பிச்சார். அதுல இந்த ராஜா ஸ்ரீமூலவாசம்ங்கற புத்தர் கோயிலுக்கு நிலம் கொடுக்கிறார். ஆக ஒரே ராஜா. ஆத்தங்கரை சிவனுக்கு ஒரு கல்வெட்டு, மலைமேல் சமணருக்கு ஒண்ணு, கடற்கரையில் புத்தருக்கு ஒரு செப்பேடு.

"அப்ப மூலவாசம் எங்கை?" நண்பர் விடல. அம்பலப்புழை பக்கத்துக் கடற்கரைன்னு சொல்றாங்க. அதைக் கடல் அரிச்சதையும், ஒரு ராஜா அதைத் தடுத்து நிறுத்தினதையும் மூஷிக வம்சக் காவியம் சொல்லுது. தடுத்தது கொஞ்ச காலத்துக்குத்தான் போல, இப்போ கோயில் இல்லை. அந்தப் பக்கம் கருமாடித் தோட்டுக் கரையில் ஒரு கறுப்புக் கல் புத்தர் மட்டும் இருக்கார். பாதி உடம்புதான் மிச்சம். ஊர்க்காரங்க செல்லமா கருமாடிக் குட்டன்னு கூப்பிடுவாங்க. 1965-ல் தலாய் லாமா வந்து பாத்திருக்கார். நண்பர் கேட்ட நீர்க்கரைப் புத்தர் அவர்தான், ஆனா எங்க மாவட்டத்துல இல்லை.

இங்கே வழக்கமா ஒரு வாதம் வரும். "சாஸ்தா எல்லாம் புத்தர்தான், குமரி மாவட்டம் முழுக்க சாஸ்தா கோயில், அதனால எல்லாம் பழைய விகாரை" அப்படின்னு. அமரகோசத்துல புத்தரோட பேர்கள்ல சாஸ்தாவும் ஒண்ணுங்கறது உண்மை. அதுக்காக ஊர்ல இருக்கிற ஒவ்வொரு சாஸ்தாவையும் மாத்தி எழுதறது எனக்கு ஒப்பலை. பேர் ஒத்துப்போறது ஒரு துப்பு, சாட்சி இல்லை. வேணும்னா இதைவிடச் சுவாரசியமான ஒண்ணு சொல்றேன். அவலோகிதர் வாழற போதலக மலை தெற்கே மலய மலை பக்கம் இருக்குன்னு சீன யாத்திரீகர் யுவான் சுவாங் எழுதி வெச்சார். அது பொதியமலைதான்னு ஜப்பானிய ஆய்வாளர் ஷூ ஹிகோசாகா வாதாடியிருக்கார். திபெத்தோட லாசாவுல இருக்கிற போதலா அரண்மனைக்குப் பேர் வந்தது அந்தப் போதலகத்துல இருந்து. அவர் சொல்றது சரின்னா, உலகத்தோட பெரிய பௌத்த அரண்மனைக்கு எங்க ஆய் ராஜாவோட மலைப்பேர். நண்பர் இதுக்கு அப்புறம்தான் சமாதானம் ஆனார்.

வெயில் தாழ்ந்ததும் சிதறால். பழைய பேரு திருச்சாரணத்துமலை. ஆட்டோக்காரர் "பகவதி மலையா?"ன்னு கேட்டார், ஆமாம்னேன். சில பேர் இதை புத்தர் மலைன்னும் காட்டுவாங்க. சமணம்தான், சந்தேகமே வேண்டாம். கல் பாவின பாதையில் ஏறினா உச்சியில் பெரிய பாறை ஒண்ணு இன்னொண்ணு மேல சாஞ்சு நிக்கும். அதோட முகத்துல வரிசையா தீர்த்தங்கரர்கள். பாம்புப் படம் விரிச்சு பார்சுவநாதர். சிங்கத்தோடயும் ரெண்டு குழந்தைங்களோடயும் அம்பிகா யட்சி. பாறைக்கு அடியில் குகை, அதோட சேர்த்துக் கட்டின மண்டபம்.

வரகுணனோட 28-ஆம் ஆட்சியாண்டுல, பேராயிற்குடி அரட்டநேமி பட்டாரரோட மாணாக்கி குணந்தாங்கிக் குரத்திகள், திருச்சாரணத்துமலை பட்டாரியாருக்குப் பொன் அணி கொடுத்ததா கல்வெட்டு சொல்லுது. குரத்தின்னா பெண் குரு. ஆயிரத்து நூறு வருஷம் முந்தி ஒரு பெண் ஆசிரியர், தன் குருவோட பேரையும் தன் பேரையும் போட்டு இந்த மலை மேல தானம் கொடுத்திருக்காங்க. வாங்கிக்கிட்டதும் பெண் தெய்வம், பட்டாரியார். பதிமூணாம் நூற்றாண்டு வாக்கில் சமணர் கூட்டம் குறைஞ்சுது, பட்டாரியார் பகவதி ஆனாள். தீர்த்தங்கரர்களை யாரும் செதுக்கி எடுக்கல. அவங்க பாட்டுக்குப் பாறையில் இருந்தாங்க, கீழே பகவதிக்கு விளக்கு எரிஞ்சுது. நாகர்கோவில் நாகராஜா கோயில்லயும் இதே கதைதான். தூண்ல மகாவீரரும் பார்சுவநாதரும் இருக்காங்க. 1521-ல் கூட பூதலவீர உதயமார்த்தாண்டன் அங்கே கமலவாகன பண்டிதர், குணவீர பண்டிதர்னு ரெண்டு சமணப் பண்டிதர்களுக்கு நிலம் கொடுத்த கல்வெட்டு இருக்கு.

நண்பரோட மகள், பள்ளிக்கூடப் பிள்ளை, பட்டுன்னு கேட்டாள். "மாமா, அப்ப சாமி பேர் மாறினதாலதான் இது உடையாம இருக்குதோ?" பாதி ஆமாம். விளக்கு வைக்க ஆள் வந்துக்கிட்டே இருந்ததால பாதை மூடிப்போகல. மீதிப் பாதி, இது பாறை. 1964-ல் இருந்து மத்திய தொல்லியல் துறை பாதுகாப்பும் இருக்கு. இரணியல் கொட்டாரத்துக்குப் பாறையும் இல்லை, பகவதியும் இல்லை. புது மரமும் புது ஓடும் போட்டாச்சு, சந்தோஷம். அடுத்த ஆடி மழையில் ஏணி வெச்சு மேல ஏறப்போற ஆளோட பேரு, சம்பளம், அதுதான் எனக்குத் தெரியணும். இரணியல், தக்கலை பக்கம் இருக்கிற வலைப்பதிவர்கள் யாராச்சும் மழை முடிஞ்சதும் போய்க் கூரையை ஒரு போட்டோ எடுத்துப் போட்டா புண்ணியமா போகும். வருஷா வருஷம் எடுத்தா இன்னும் நல்லது.

மலை மேல இருந்து பாத்தா கீழே தென்னை, ரப்பர், நடுவுல வளைஞ்சு போற குழித்துறை தாமிரபரணி. (நெல்லை தாமிரபரணி வேற, இது வேற. குழப்பிக்காதீங்க.) இருட்டுறதுக்கு முன்னால இறங்கிட்டோம்.

போறவங்களுக்கு: திங்கட்கிழமை வேண்டாம், பத்மநாபபுரம் பூட்டியிருக்கும். இரணியலுக்குக் காலையிலேயே போயிடுங்க. சிதறால்ல மேல கடை கிடையாது, தண்ணி பாட்டிலைக் கீழேயே வாங்கிக்கணும். திருநந்திக்கரைக் குகைக்குள்ளே ஓவியத்தைப் பாக்க ஒரு டார்ச் லைட் வேணும், ஆனா சுவர்ல கை வைக்காதீங்க.